“யோசித்துச் சொல்கிறேன்” என்பவரிடம் என்ன கேட்பது? விற்பனைக் கேள்விகளுக்குப் பதில்கள்

அலுவலக இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி விற்றதில் தொடங்கியது. 22 வருடமாகிவிட்டது. இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களின் குணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் அடிக்கடி தலைகாட்டியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: சார், பயிற்சி வகுப்பில் மனிதர்கள் நான்கு வகை, அதைக் கண்டுபிடித்தால் விற்றுவிடலாம் என்றார்கள். உண்மையா?

பாதி உண்மை. இந்த நான்கு வகைப் பேச்சுக்கு மூலம் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர். 1928-ல் மனிதர்களின் உணர்ச்சிகளைப் பற்றி எழுதியபோது நான்காகப் பிரித்தார். டிக் அடிக்கும் கேள்வித்தாளெல்லாம் அவர் போட்டதில்லை, பின்னால் வந்தவர்கள் செய்தது. (வொண்டர் வுமன் காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கியவரும் இவர்தான். பொய் கண்டுபிடிக்க ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தவரும் இவரே. சும்மா இருக்கத் தெரியாத ஆள்.)

அப்புறம் 1960-களில் டேவிட் மெரில், ரோஜர் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட அதே நான்கை வேறு வழியில் பிடித்தார்கள். நான் பயன்படுத்துவது அவர்கள் வழியைத்தான், ஏனென்றால் இரண்டே கேள்வி. எதிரில் இருப்பவர் அதிகம் சொல்கிறாரா, கேட்கிறாரா? உணர்ச்சியை முகத்தில் காட்டுகிறாரா, உள்ளே வைத்துக்கொள்கிறாரா? சொல்கிறார், முகத்தில் எதுவும் இல்லை என்றால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாருங்கள். சொல்கிறார், சிரிக்கிறார் என்றால் கொஞ்சம் கதை பேசலாம். கேட்கிறார், முகம் மலர்ந்திருக்கிறது என்றால் அவசரப்படுத்தாதீர்கள். கேட்கிறார், முகம் இறுக்கம் என்றால் எண்களை எடுத்து வையுங்கள்.

முதல் ஐந்து நிமிடத்துக்கு இது உதவும். அதற்கு மேல் நம்பினால் காலை வாரிவிடும். ஒருமுறை ஒருவர் நான் பேசப் பேச தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ‘அளந்து பேசுகிற ரகம்’ என்று முடிவு கட்டி, மறுநாள் முப்பது பக்க விவரத்தோடு போனேன். முந்தின நாள் பல் பிடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் என்னைப் பேசவே விடவில்லை. அந்த முப்பது பக்கத்தின் மேல் டம்ளரை வைத்தார்.

எந்த விவரிப்பும் நமக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும் என்பதையும் மறக்காதீர்கள். பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, உங்கள் குணம் இதுதான் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5-க்கு 4-ஐத் தாண்டியது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்! 1949-ல் வெளியான ஆய்வு இது.

கேள்வி: எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு “யோசித்துச் சொல்கிறேன்” என்று போய்விடுகிறார்கள். திரும்பி வருவதே இல்லை. என்ன தப்பு செய்கிறேன்?

அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள். பொருள் பிடிக்காமல், முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்படுபவர் ஒருவர். முடிவெடுக்கும் ஆள் வேறு யாரோ, அதைச் சொன்னால் தன் மரியாதை குறையுமோ என்று நினைப்பவர் இன்னொருவர். மூன்றாமவருக்குப் பிடித்திருக்கிறது, வாங்கி ஏமாந்துவிடுவோமோ என்ற பயம்.

“சரி சார், நிதானமாக யோசியுங்கள்” என்று அனுப்பிவிட்டால் இவர்களில் யார் போனார் என்றே உங்களுக்குத் தெரியாது. நான் கேட்பது இதுதான்: “கட்டாயம் யோசியுங்கள். பொருளில் ஏதாவது உறுத்துகிறதா, தொகையா, இல்லை வேறு யாரிடமாவது கலந்து பேச வேண்டுமா?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அந்த மௌனம் கஷ்டமாகத்தான் இருக்கும். பத்து நொடிகூடத் தாங்காமல் நாமே “டிஸ்கவுண்ட் வேண்டுமானால்...” என்று உளறிவிடுவோம்.

கலந்து பேச வேண்டும் என்றால், அந்த இன்னொருவர் என்ன கேட்பார் என்று விசாரித்து, அதற்கான பதிலை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். நம் சார்பில் அங்கே பேசப்போவது நம் எதிரில் இருப்பவர்தான்.

பயப்படுகிறவரிடம் மேலும் நன்மைகளை அடுக்குவது வீண். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-ல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: அதே அளவு லாபம் தரும் சந்தோஷத்தைவிட நஷ்டம் தரும் வலி பெரிது. எனவே தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே முதலில் எடுங்கள். திருப்பித் தர முடியுமா, சிறிய ஆர்டராகத் தொடங்கலாமா, பழுதானால் யார் வருவார்? பயம் இறங்கிய பிறகு பெரும்பாலும் அவரே மிச்சத்தைப் பேசுவார்.

கேள்வி: என்ன விலை சொன்னாலும் குறைக்கச் சொல்கிறார். குறைத்தாலும் மறுபடி கேட்கிறார். எங்கே நிறுத்துவது அண்ணா?

தம்பி, நீங்கள் சும்மா குறைப்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் கைமாறாக ஏதாவது கேளுங்கள்: கூடுதல் எண்ணிக்கை, முன்பணம், உங்களுக்குத் தோதான டெலிவரி நாள். ஒன்றும் கேட்காமல் இறங்கினால், முதலில் சொன்ன விலையே பொய் என்று அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் ஏன் நிறுத்தப்போகிறார்?

இறங்கும் அளவும் பேசும். 3 சதவீதம், மறுபடி 3, மறுபடி 3 என்று போனால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். 4, பிறகு 2, பிறகு அரை என்றால் பாத்திரம் காலியாகிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியும்.

உண்மையிலேயே பணம் போதாதவரைப் பேரம் பேசுபவரோடு சேர்த்துவிடாதீர்கள். அவருக்குத் தேவை சிறிய மாடல் அல்லது தவணை. பேரக்காரருக்குத் தேவை ஜெயித்த திருப்தி, அதைக் கடைசி அரை சதவீதத்தில் கொடுக்கலாம்.

கேள்வி: நெட்டில் எல்லாம் படித்துவிட்டு வந்து என்னையே மடக்குகிறார்கள்.

மடக்கட்டும். “இதைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களே, எதை வைத்து முடிவு செய்யப்போகிறீர்கள்?” என்று கேளுங்கள். பாதி வேலை அவரே செய்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அன்றைக்கே விசாரித்து போன் பண்ணுங்கள்.

கேள்வி: எங்களிடம் நிறைய மாடல்கள். எல்லாவற்றையும் காட்டினால் குழம்பிப் போய்விடுகிறார்கள். குறைத்துக் காட்டலாமா?

இதற்கு எல்லோரும் சொல்வது ஜாம் ஆய்வு. ஐயங்கார், லெப்பர் என்ற உளவியலாளர்கள் 2000-ல் வெளியிட்டது. 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2010-ல் பார்த்தபோது, சராசரியில் அந்த விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது!

என் அனுபவத்தில் ஆளைப் பொறுத்தது. என்ன வேண்டும் என்று தெரிந்து வருபவரிடம் குறைத்துக் காட்டினால் “இவ்வளவுதானா” என்று கிளம்பிவிடுவார். தெரியாமல் வருபவருக்கு மூன்று போதும். ஆனால் எந்த மூன்று என்று தீர்மானிக்க முதலில் அவரிடம் நான்கு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கோபத்தில் கத்துபவர்களை எப்படிச் சமாளிப்பது?

“அமைதியாக இருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எண்ணெய் ஊற்றுவது. முடிக்கும்வரை குறிப்பெடுங்கள். எழுதுவதைப் பார்த்தாலே குரல் இறங்கும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, என்ன செய்வீர்கள், எப்போதுக்குள் என்று சொல்லுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடலாம். அதைப் பொறுத்துக்கொள்வதற்குச் சம்பளம் இல்லை.

கேள்வி: நான் அதிகம் பேசாதவள். விற்பனைக்கு லாயக்கில்லை என்கிறார்கள்.

வாயாடிதான் நன்றாக விற்பான் என்பது பழைய நம்பிக்கை அம்மா. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 340 தொலைபேசி விற்பனையாளர்களை மூன்று மாதம் கவனித்து 2013-ல் எழுதினார். அதிகம் விற்றவர்கள் கலகலப்பானவர்கள் அல்ல, ஒதுங்கி இருப்பவர்களும் அல்ல, நடுவில் இருந்தவர்கள். வாயாடிக்கு ‘கொஞ்சம் நிறுத்து’ என்று கற்றுக்கொடுக்க எனக்கு ஆறு மாதம் பிடிக்கிறது. நீங்கள் அழைப்புக்கு முன்னால் ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள்.

கேள்வி: ஒருவர் எப்போது போனாலும் அன்பாக உட்காரவைத்துப் பேசுவார், எல்லாவற்றுக்கும் சரி என்பார். எட்டு மாதமாக ஆர்டர் மட்டும் வரவில்லை.

அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வரவில்லை. நீங்களே சொல்ல வைக்க வேண்டும்: “சார், இது உங்களுக்குத் தேவைப்படாது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.” எனக்கு இப்படி ஒருவர் இரண்டு வருடம் இருந்தார். கேட்டதும் நிம்மதியாக மூச்சு விட்டு, “வேண்டாம் தம்பி” என்றார். அடுத்த நிமிடமே தேவைப்பட்ட இன்னொருவரின் போன் நம்பரைக் கொடுத்தார்.