வலிக்காத கட்டி: ஆண்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பர்மாவில் ரங்கூன், மோல்மேன், பெகு, தட்டோன் பக்கமிருந்து நம் தமிழ் ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. யார் பெயரையும் போடவில்லை. நான் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முற்றிய கட்டியோடு வந்தவர்களிடம் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால், "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்பார்கள். விதையிலும் ஆண்குறியிலும் வருகிற கட்டியை வலியை வைத்து அளக்காதீர்கள்.

டாக்டர் அண்ணா, எனக்கு 24 வயது, ரங்கூன் தாம்வேயில் இருக்கிறேன். குளிக்கும்போது இடது விதையில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது. இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறது, வலி இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் இருப்பது லேடி டாக்டர். எப்படிக் காட்டுவது?

தம்பி, இந்த வாரமே காட்ட வேண்டும். உன் வயதுதான் காரணம். விதைப் புற்றுநோய் கிழவர்களைவிட 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் வலியில்லாத கெட்டிக் கட்டியாகத்தான் தொடங்கும். உனக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. அது இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

கட்டி விதையிலேயே இருக்கிறதா, விதையை ஒட்டி வெளியே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வெந்நீரில் குளித்த பிறகு பை தளர்ந்திருக்கும். அப்போது ஒவ்வொரு விதையாக, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பார். நல்ல விதை, அவித்து உரித்த முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். பின்பக்கம் மேலிருந்து கீழாக மெத்தென்று ஒரு குழாய் ஓடும். அது எல்லோருக்கும் இருப்பது, அதைக் கட்டி என்று நினைத்துப் பயப்படாதே. அந்தக் குழாயில் தனியாக உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் நீர்க்கட்டிதான், தொல்லை தராதவரை அப்படியே விட்டுவிடலாம். விதையோடு சேர்ந்து கல் மாதிரி இருந்தால் தாமதிக்கக் கூடாது. எப்படி இருந்தாலும் விரல் சொல்வது முடிவல்ல, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முடிவு. ஊசி குத்தாமல், வலிக்காமல் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று இரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள்.

லேடி டாக்டர் என்று தயங்காதே. அவர்களுக்கு இது வயிற்றுவலி பார்ப்பது போலத்தான். முடியவே இல்லை என்றால் ஆண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. வாய் வரவில்லையா? "விதையில் கட்டி, இரண்டு மாதம், வலி இல்லை" என்று பர்மிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி நீட்டு.

என் மச்சானுக்கு ஸ்கேனில் கெட்டியான கட்டி என்று வந்துவிட்டது. விதையை எடுக்க வேண்டுமாம். வேலூருக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு. தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார், அது முடியட்டும் என்கிறார் அத்தை. நாட்டு வைத்தியர் பற்றுப் போட்டுக் கரைக்கிறேன் என்கிறார்.

பற்றுப் போட்டு இது கரையாது. காவடியை அடுத்த வருஷம் எடுக்கலாம் என்று அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். விதையை எடுக்கும் ஆபரேஷன் ரங்கூனிலேயே நடக்கும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று வாரங்களை விடாதீர்கள். எடுத்த கட்டியின் பரிசோதனை ரிப்போர்ட்டையும், அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு வைத்தியத்துக்கு வேலூர் போவதானால் போங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கத்தி தொடை இடுக்குக்கு மேலே வைக்க வேண்டும். விதைப்பையைக் கீறியோ ஊசி குத்தியோ சதை எடுக்கக் கூடாது, நோய் வேறு வழியில் பரவ இடம் கொடுக்கும். யாராவது "ஊசி போட்டுப் பார்ப்போம்" என்றால் வேறு சர்ஜனிடம் போங்கள்.

மச்சான் மனசு உடையாமல் இருக்க இதைச் சொல்லுங்கள்: புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகும் வகை இது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் இது கண்டுபிடிக்கப்பட்டபோது நுரையீரல், மூளை வரை போயிருந்தது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சேர்ந்த வைத்தியத்தில் பிழைத்தார், பிறகு குழந்தைகளும் பிறந்தன. மற்ற விதை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் குழந்தைக்கும் அது போதும். ஆனாலும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

ஐயா, பெகு பக்கம் வயல் வேலை, வயது 52. பல வருஷமாக விதைப்பை பெரிதாகிக்கொண்டே போகிறது. வலி கிடையாது. லுங்கி கட்டினால் மறைந்துவிடும், குனிந்து நாற்று நடத்தான் முடியவில்லை.

இத்தனை வருஷம் இதைச் சுமந்தபடியே வேலை செய்திருக்கிறீர்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. இது பெரும்பாலும் விதையைச் சுற்றி நீர் கட்டுவது. இருட்டில் பையின் பின்னால் டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளி ஊடுருவித் தெரியும். படுத்தால் சுருங்கி, இருமினால் இறங்குகிறதென்றால் அது குடலிறக்கம். அது திடீரென்று உள்ளே போகாமல் வலி, வாந்தி வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நம் நாட்டில் இந்த நீர் வீக்கத்துக்கு யானைக்கால் புழு ஒரு முக்கியக் காரணம். சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. 2001 முதல் அரசாங்கம் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை அந்தப் புழுவுக்குத்தான். மாத்திரை புழுவைக் குறைக்கும், ஆனால் பல வருஷத்து வீக்கம் அதில் வற்றாது. ஊசியால் நீரை இழுத்தாலும் திரும்ப நிறையும், சீழ் வைக்கவும் கூடும். சின்ன ஆபரேஷன்தான் தீர்வு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டே செய்வார்கள். அறுவடை முடிந்த கையோடு போங்கள், ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

ஆண்குறி முனை விளிம்பைச் சுற்றி வெள்ளையாகக் குட்டிக் குட்டி மணிகள் வரிசையாக. அரிப்பும் இல்லை.

ஒரே அளவில் வரிசையாக இருந்தால் நோயில்லை, யாருக்கும் தொற்றாது. கிள்ளாதே, பற்பசை பூசாதே. காலிஃபிளவர் போல் முரடாகி எண்ணிக்கையும் கூடினால் அது மரு, அதைக் காட்டு.

கப்பல் வேலை. போன மாதம் ஆண்குறியில் வலியில்லாமல் ஒரு புண் வந்தது, அடியில் கெட்டியாக இருந்தது. தானாகவே ஆறிவிட்டது. தொடை இடுக்கில் நெறி மட்டும் இருக்கிறது. மனைவி ஐந்து மாத கர்ப்பம்.

தம்பி, புண் ஆறியதே ஒழிய நோய் ஆறியிருக்காது. நீ சொல்வது மேகநோய், அதாவது சிஃபிலிஸின் முதல் கட்டம் போலவே இருக்கிறது. புண் மறைந்த பின் கிருமி உள்ளே இருந்து, சில வாரம் கழித்து உள்ளங்கையில் தடிப்பாக வரும், வருஷங்கள் கழித்து மூளை, இதயம் வரை போகும். நாளைக்கே இரத்தம் சோதித்துக்கொள். எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்துச் செய். ஆரம்பக் கட்டம் என்றால் பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டால் போதும். கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதே.

மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்வது கொடுமையாக இருக்கும், தெரியும். ஆனால் அவருக்குத் தொற்றியிருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். இப்போது கண்டுபிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். இருவரும் ஒன்றாகப் போங்கள். வைத்தியம் முடியும்வரை உறவு வேண்டாம்.

தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டில் வேலை பார்த்தபோது கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு ஆண்குறியில் தேங்காய் எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது தோலுக்கடியில் கட்டி கட்டியாக இருக்கிறது.

எண்ணெய் உடம்பில் கரையாது. சதை அதைச் சுற்றி இறுகி, கட்டியாகி, நாளானால் புண்ணாகி ஒழுகும். மருந்தில் போகாது, வெட்டி எடுத்துத் தேவைப்பட்டால் தோல் ஒட்டுவார்கள். சின்னதாக இருக்கும்போது போனால் வேலையும் சின்னது. ஊசியைப் பகிர்ந்துகொண்டிருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி மூன்றுக்கும் சோதித்துவிடு. டாக்டரிடம் எண்ணெய் என்று உண்மையைச் சொல், இல்லாவிட்டால் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

என் மகனுக்கு ஒன்றரை வயது. ஒரு பக்கம் விதையே இறங்கவில்லை. "வளர வளர இறங்கும்" என்கிறார் மாமியார்.

அம்மா, ஆறு மாதத்துக்குள் இறங்காதது பிறகு இறங்குவது அரிது. ஒரு வயதை ஒட்டியே ஆபரேஷன் செய்து இறக்கிவிடுவது நல்லது, இனியும் தள்ளாதீர்கள். இறங்காத விதையில் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு கூடுதல், குழந்தைப் பேறும் பாதிக்கும்.

வயது 40. விதைக்குப் பின்னால் கரடுமுரடாகக் கட்டி, வலி அதிகமில்லை. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், உடம்பு மெலிகிறது. இருமலும் உண்டு.

ஸ்கேனோடு சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, விதைக்குப் பின்னால் இருக்கும் குழாயிலும் இப்படித்தான் வரும். பர்மாவில் காசநோய் அதிகம், அரசுக் காசநோய் மையத்தில் மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சோதியுங்கள்.