குயில் குன்றிலிருந்து வந்த பெயர்

கேள்வி (வாசகி, மேலூர்): பென்னிகுயிக் என்பதில் ‘பென்னி’ என்றால் காசு, ‘குயிக்’ என்றால் விரைவு, பெரியாறு அணையைச் சீக்கிரம் கட்டி முடித்ததால் வந்த பட்டப்பெயர் அது என்று எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் ஒருவர் பேசினார். உண்மையா?

பதில்: இல்லை. அணை வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. எட்டு ஆண்டுகள்! அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் புனேயில் பிறந்ததோ 1841 ஜனவரி 15. அவருடைய அப்பாவும் ஜான் பென்னிகுயிக்தான். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் உயிரிழந்த பிரிகேடியர் அவர். ஆக, அணைக்கு முன்பே அது குடும்பப் பெயராக இருந்திருக்கிறது. காசும் இல்லை, வேகமும் இல்லை. அது ஓர் ஊரின் பெயர்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் அந்த ஊர் இருக்கிறது. ஆங்கிலம் அந்தப் பகுதிக்கு வருவதற்கு முன்பு அங்கே பேசப்பட்டது, இன்றைய வெல்ஷ் மொழிக்கு உறவான ஒரு பழைய கெல்ட்டிய மொழி. அந்த மொழியில் ‘பென்’ என்றால் தலை, உச்சி, குன்று. வேல்ஸில் ‘பென் இ ஃபான்’ என்று ஒரு மலை இருக்கிறதே, அதே ‘பென்’தான். நடுவில் வரும் ‘இ’, ஆங்கிலத்தின் ‘தி’ போல ஒரு சுட்டுச்சொல். ‘கோக்’ என்பது குக்கூ என்று கூவும் பறவை. மூன்றையும் சேர்த்தால் ‘பென் இ கோக்’, குயில் குன்று.

நம் குயிலும் அந்தப் பறவையும் ஒன்றல்ல, ஒரே குடும்பத்து உறவுகள். நம்முடையது காக்கைக் கூட்டில் முட்டையிடும். அங்கே உள்ளது சின்னச் சின்னப் பறவைகளின் கூட்டில் இடும். குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு வசந்தத்தில் ஸ்காட்லாந்து வந்து சேரும். அது கூவும் ஓசையே அதற்குப் பெயராகிவிட்டது.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. சமணர் மலையடிவாரத்தில் கீழக்குயில்குடி இருக்கிறது. அங்கிருந்து வெளியூர் போனவரை ‘குயில்குடிக்காரர்’ என்று அழைத்து, அந்தப் பெயரே பேரன் பேத்தி வரை ஒட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் பென்னிகுயிக்கும்.

கேள்வி (வாசகர், உசிலம்பட்டி): பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னிகுக் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: உச்சரிப்பை வைத்துப் பார்த்தால் ‘குக்’தான் சரி. பழைய ஸ்காட்லாந்து எழுத்துமுறையில் யூ, ஐ இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே உயிரொலியைக் குறிக்கும். புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்’ என்ற சொல்லில்கூட ஸ்காட்ஸ் மொழியில் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த எழுத்துமுறை தெரியாமல், கண்ணில் பட்டதை ஆங்கில ‘குயிக்’ மாதிரி வாசித்ததால் வந்ததே நம் வழக்கு. எடின்பரோ பேருந்தில் ஏறி ‘பென்னிகுயிக்’ என்று டிக்கெட் கேட்டால் ஓட்டுநர் திகைப்பார்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் தமிழில் ‘பெனிக்குக்’ என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு ‘என்’ இருந்தாலும் ஒலி இரட்டிக்காது, அதனால் ஒற்றை ‘னி’ போதும். சொல்லின் நடுவில் ஒற்றைக் ககரம் வந்தால் நாம் அதை மெலிதாக ஒலித்துவிடுவோம். வல்லோசை வேண்டுமென்றால் ‘க்கு’ என்று இரட்டிக்க வேண்டும்.

ஆனால் லோயர் கேம்ப் மணிமண்டபம், தேனி பேருந்து நிலையம் என்று எல்லா இடத்திலும் ‘பென்னிகுயிக்’ நிலைத்துவிட்டது. மனு, அழைப்பிதழ், பெயர்ப்பலகையில் அதையே எழுதுங்கள். ‘பென்னிகுக்’ என்று சொல்கிற பெரியவரை மட்டும் திருத்திவிடாதீர்கள். அவர்தான் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

கேள்வி (வாசகர், சின்னமனூர்): இந்தப் பெயரில் வேறு யாரும் இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் குறைவு. கொல்லர் தொழிலால் வந்த ‘ஸ்மித்’ ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்தது. இதுவோ ஒரே ஒரு சிற்றூரில் பிறந்தது. போதாததற்கு எழுத்துக்கூட்டல் ஐந்தாறாகப் பிரிந்துவிட்டது. ஒலிப்படியே எழுதும் ‘பெனிகுக்’ வடிவத்தில் ஆஸ்திரேலியாவில் அலஸ்டர் பெனிகுக் என்ற மொழியியலாளர் இருக்கிறார். நம் பொறியாளரின் மகன் சர் ஜான் பென்னிகுயிக் இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்தார். பறவைகள் பறக்கும் விதத்தைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த பிரிஸ்டல் விலங்கியலாளர் காலின் பென்னிகுயிக்கும் (1933–2019) உண்டு. குயில் பெயர் கொண்டவர் பறவையை ஆராய்ந்தது நல்ல பொருத்தம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வைக்கும் ‘லோகன்துரை’ என்ற பெயரும் இதே வகைதான். லோகன் என்பதும் ஸ்காட்லாந்து ஊர்ப்பெயரே. சிறு பள்ளம் என்ற பொருளுடைய கேலிக் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று மேடு, ஒன்று பள்ளம்!

கேள்வி (வாசகி, வாடிப்பட்டி): பொங்கலன்று பிறந்த எங்கள் பேரனுக்கு இந்தப் பெயரை வைக்கப் போகிறோம். சான்றிதழில் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் ஆங்கில எழுத்துகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பி, இ, என், என், ஒய், சி, யூ, ஐ, சி, கே. மொத்தம் பத்து. வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். ‘ஒய்’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ’ போட்டுவிடுவார்கள். ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘குயிக்’ நினைப்பில் ‘கியூ’ போட்டுவிடுவார்கள். தட்டச்சு செய்ததும் திரையிலேயே சரிபாருங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரம் வேண்டாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குமேல் தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், இதில் ஓர் எழுத்து பிசகினாலும் பின்னால் அலைச்சல்தான்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது கவனம் தேவை. ஸ்காட்லாந்தில் இது குடும்பப் பெயர். உங்கள் பேரனுக்கு இதுதான் சொந்தப் பெயர். ஆகவே ‘கிவன் நேம்’ கட்டத்தில் இதை எழுதி, ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதுங்கள், இனிஷியலாக அல்ல. அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் விதி இடம் தருகிறது. ஆனால் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் போய்வருகிறவர்கள் உள்ள வீடு என்றால் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.