வயிற்றுச் சவ்வும் நாலு மணித்தியாலமும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வன்னியிலிருந்து வந்த கேள்விகள் எல்லாமே வயிற்று டயாலிசிஸ் பற்றியவை. சிறுநீரகம் பழுதானவரின் வயிற்றுக்குள் ஒரு பையிலிருந்து மருந்துத் தண்ணீரை விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, குருதியின் கழிவோடு வடித்தெடுக்கும் வைத்தியம் இது. வீட்டிலேயே செய்யும் வைத்தியம் என்பதால், உள்ளே நடப்பது என்னவென்று வீட்டுக்காரருக்கும் விளங்க வேண்டும்.

அப்பாவின் வயிற்றுக்குள் விடும் 2 லீற்றர் தண்ணீர் குருதியோடு கலப்பதே இல்லையாம். பிறகு கழிவு எப்படி அதற்குள் வருகிறது? (செட்டிகுளம்)

குடலையும் வயிற்றுச் சுவரையும் போர்த்தியபடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. விரித்தால் ஏறக்குறைய உடம்புத் தோலின் பரப்பு வரும். அதற்குள் ஓடும் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. இரண்டு வயலுக்கு நடுவில் வரம்பை வெட்டிவிட்டால் மட்டம் சமனாகும்வரை தண்ணீர் ஓடும் அல்லவா? அதுபோல யூரியா என்ற கழிவு, கூடிய பக்கமான குருதியிலிருந்து குறைந்த பக்கமான பைத் தண்ணீருக்கு வருகிறது. யாரும் தள்ளத் தேவையில்லை.

வேகத்தைத் தீர்மானிப்பது பருமன். யூரியாவின் மூலக்கூற்று நிறை 60, கிரியேற்றினின் என்ற இன்னொரு கழிவினுடையது 113. நாலு மணித்தியாலத்தில் யூரியா குருதியில் உள்ள அளவின் 90 வீதத்தை எட்டிவிடும். கிரியேற்றினின் சராசரியாக 65 வீதம்தான். 66,000க்கு மேல் நிறையுள்ள அல்புமின் என்ற குருதிப் புரதம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். ஆனாலும் நாளுக்கு 5 முதல் 10 கிறாம் புரதம் கசிந்து போகிறது. ஒரு முட்டையில் இருப்பதே 6 கிறாம்தான். அப்பாவின் சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

வயல் வேலை. ஒரே பையை விடியத் தொடங்கிப் பின்னேரம்வரை விட்டால் கூடச் சுத்தமாகாதா? (புதுக்குடியிருப்பு)

ஆகாது, தம்பி. யூரியா மட்டம் சமனானபின் எத்தனை மணித்தியாலம் வைத்திருந்தாலும் மேலதிகமாக வருவது கொஞ்சம்தான். அதைவிடத் தண்ணீர்ப் பிரச்சினை பெரியது. கருவாட்டுக்கு வெட்டின மீனில் உப்பைத் தடவினால் தண்ணீர் கசிந்து வருமே, அந்த வேலையைப் பையில் உள்ள குளுக்கோஸ் செய்கிறது. ஆனால் குளுக்கோஸும் சின்ன மூலக்கூறு, நிறை 180. அது மெதுவாகக் குருதிக்குள் போய்விடும். போகப்போக இழுவை குறைந்து, வந்த தண்ணீர் திரும்பி உள்ளே போகும். 2 லீற்றர் விட்டு 1.8 லீற்றர் வடிந்தால் நடந்தது இதுதான். கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

சிலருடைய சவ்வு வேகமாகக் கடத்தும், சிலருடையது ஆறுதலாக. நாலு மணித்தியாலப் பரிசோதனை ஒன்றால் அதை அளப்பார்கள். 1987 இல் வெளியான முறை அது. உங்கள் பை நேரம் இந்த அளவையும் பார்த்துத்தான் குறிக்கப்படுகிறது. வேலை நேரத்தைக் கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றித் தர வழி உண்டு. நீங்களாக மாற்ற வேண்டாம்.

எனக்குச் சலரோகமும் இருக்கிறது. பையில் உள்ள சீனி ஏறுமா? (மாங்குளம்)

ஏறும். 1.5 வீதப் பை 2 லீற்றரில் 30 கிறாம் குளுக்கோஸ் இருக்கிறது. நாலு மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் குருதிக்குள் போய்விடும். அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேருங்கள்.

இளநீர் குடிக்கலாமா? (முள்ளியவளை)

அதில் பொற்றாசியம் நிறைய, சிறுநீரகம் பழுதானால் அது குருதியில் தேங்கும். பைத் தண்ணீரில் வழக்கமாகப் பொற்றாசியம் இல்லாததால் கொஞ்சம் வெளியேறும்தான், ஆனால் பையின் வேகத்தில்தான் வெளியேறும். குருதி அறிக்கையைக் காட்டாமல் குடிக்காதீர்கள்.

வடிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால்? (நெடுங்கேணி)

இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். வடிந்த பையைப் பத்திரிகைத் தாளின்மேல் வையுங்கள். கீழே எழுத்து வாசிக்க முடியாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிருமி தொற்றிய சவ்வு புண்பட்டு, எல்லாவற்றையும் அவசரமாகக் கடத்தும்: சீனி விரைவில் உள்ளே போகும், தண்ணீர் வடியாது, புரதம் கூடுதலாகப் போகும். திரும்பத் திரும்பத் தொற்றினால் சவ்வே பழுதாகிவிடும்.

அந்தக் கலங்கல் பையை எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். அதில்தான் கிருமியைத் தேடுவார்கள். மருந்தையும் பெரும்பாலும் அடுத்த பைக்குள்ளேயே கலந்து விடுவார்கள். புண்பட்ட இடத்துக்கு நேராகவே போய்ச்சேரும்.