தலைச்சன் கணக்கு இரண்டாவதற்குச் செல்லாது

இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும், இப்போதுதான் பெற்று வீடு திரும்பியவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: தலைச்சன் பிரசவத்தில் வலி எடுத்து 16 மணி நேரம் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. மருத்துவமனைக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். இந்த முறை வலி நன்றாக முற்றிய பிறகு கிளம்பினால் போதாதா?

பதில்: போதாது. தலைச்சனில் கருப்பை வாய் முதலில் மெலிந்து, அதன்பின் விரியும். அடுத்த பிரசவத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒருசேர நடக்கும். முக்கிப் பெறும் கட்டமும் மணிக்கணக்கில் இழுக்காமல் சில நிமிடங்களில் முடிந்துவிடலாம். ‘5 நிமிடத்துக்கு ஒரு வலி வரட்டும்’ என்பதெல்லாம் தலைச்சனுக்குச் சொல்வது. உங்கள் தூரத்துக்கு, வலி விட்டு விட்டு ஒழுங்காக வரத் தொடங்கி, ஒன்றைவிட அடுத்தது கூடுகிறது என்று தெரிந்ததுமே போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும் வலி பொய்வலியாக இருக்கலாம். அதற்காக ஒருமுறை போய்த் திரும்பி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. பனிநீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்.

வழியிலேயே முக்க வேண்டும்போல் வந்துவிட்டால் காலைச் சேர்த்து அடக்கப் பார்க்காதீர்கள். வண்டியை ஓரம்கட்டி ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். குழந்தை வந்துவிட்டால் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். கொடியை இழுக்கவோ அறுக்கவோ வேண்டாம்.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இந்தப் பொறுமைகூடக் கூடாது. பழைய தழும்பைக் கண்காணிக்க வேண்டியிருப்பதால் முதல் வலியிலேயே போய்விட வேண்டும். இன்னொன்று: நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் வந்து மூத்த குழந்தையோடு இருக்க ஒருவர் அல்ல, இருவரைச் சொல்லி வையுங்கள். பலருக்குக் கிளம்பத் தாமதமாவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ். முதல் பிரசவத்தின்போதே ஊசி போட்டாயிற்று. திரும்பவும் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆன்டி-டி ஊசியின் காவல் சில வாரங்களுக்குத்தான். அதனால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனி ஊசி. பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலக்கும். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் தாயின் உடல் அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருளை உருவாக்கும். தலைச்சன் பெரும்பாலும் தப்பித்துவிடும். அடி விழுவது அடுத்த குழந்தைக்கு. கர்ப்பத்தில் வழக்கமாக 28ஆவது வாரத்தில் ஓர் ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. பிரசவ அறையிலேயே கொடி இரத்தத்தில் குழந்தையின் வகையைப் பார்த்தாயிற்றா என்று கணவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகியிருந்தால் ஊசியால் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கூம்ப்ஸ் பரிசோதனை.

கேள்வி: பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு முறுக்கிப் பிழிகிறது. முதல் முறை இப்படி இல்லையே?

பதில்: குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்குகிறது. ஒருமுறை விரிந்து தளர்ந்த கருப்பை, இறுகிய நிலையிலேயே நிற்காமல் விட்டு விட்டுச் சுருங்குவதால் இரண்டாவதில் வலி கூடுதல். இரண்டு மூன்று நாளில் தணியும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வலி அதிகமாகும். பால் கொடுக்க உட்காருமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மூத்தவளுக்கு மஞ்சள் காமாலைக்காக விளக்கு வைத்தார்கள் (ஒளி சிகிச்சை). இவளுக்கும் வருமா?

பதில்: வர வாய்ப்பு கூடுதல். அதனால் ‘அக்காவுக்கு விளக்கு வைத்தார்கள்’ என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மஞ்சள் உச்சத்தைத் தொடுவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அதாவது நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு. முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். பகல் வெளிச்சத்தில் நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மாநிறக் குழந்தைக்கு ஈறும் கண் வெள்ளையும் சரியாகக் காட்டும். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, கால்வரை இறங்கினாலோ, பாலுக்கு எழாமல் துவண்டு தூங்கினாலோ இரத்தப் பரிசோதனை தேவை. இளவெயிலில் காட்டுவது விளக்குக்கு ஈடாகாது.

பால் போதுமான அளவு இறங்கினால்தான் மஞ்சளும் மலத்தோடு வெளியேறும். ஒரு நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். நனைந்த டயாபரை எண்ணுங்கள்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது ஆறு. முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி: மூத்தவனுக்கு இரண்டரை வயது. குழந்தையைப் பார்த்ததும் கிள்ளிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கிள்ளுவான், அது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் முதலில் அறைக்குள் வரும்போது குழந்தை தொட்டிலில் இருக்கட்டும். உங்கள் கை காலியாக இருக்கட்டும். அவனை அணைத்த பிறகு போதும், தம்பியைக் காட்டுவது. மடியில் வைக்க ஆசைப்பட்டால் முதுகு சாய உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே தலையணை கொடுத்து, குழந்தையின் தலைக்கு அடியில் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். முத்தம் பாதத்தில், முகத்திலும் கையிலும் வேண்டாம். கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். அவனுக்குச் சாதாரண இருமலாகத் தெரியும் கக்குவான், பச்சிளங்குழந்தைக்கு மூச்சையே நிறுத்திவிடும். ஆகவே அவனுடைய தடுப்பூசிகளில் விடுபட்டது இருந்தால் பிரசவத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது அவசரநிலை.

கிள்ளினால் நீண்ட பிரசங்கம் வேண்டாம். கையை எடுத்துவிட்டு, தடவிக் காட்டி, அவன் கையாலேயே தடவச் செய்யுங்கள். இருவரையும் தனியே விட்டுவிட்டு டயாபரைக் குப்பையில் போட்டு வரக்கூடப் போகாதீர்கள். தகராறு அதிகம் நடப்பது பால் கொடுக்கும் நேரத்தில். அப்போது மட்டும் வெளியே வரும் ஒரு விளையாட்டுக் கூடை வையுங்கள். தானும் பால் கேட்டால் ஒரு வாய் கொடுப்பதில் தவறில்லை. பெரும்பாலும் முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவான். படுக்கையில் சிறுநீர் போவது திரும்பினால் அது சில வாரங்களில் சரியாகும். சிசேரியன் ஆகியிருந்தால் அவனைத் தூக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்துகொண்டால் அவனே மடியில் ஏறிக்கொள்வான்.

கேள்வி: மூத்தவனின் பழைய பொருட்களை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: துணிகளைத் துவைத்துப் பயன்படுத்தலாம். விபத்தில் பட்ட கார் இருக்கை வேண்டாம். மற்றதிலும் அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். பால்புட்டியின் ரப்பர் காம்பைப் புதிதாக வாங்குங்கள். உண்மையான ஆபத்து மூத்தவனின் விளையாட்டுச் சாமான்களில்தான். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உட்சுவரை எரித்துவிடும். கழிவறைக் காகிதம் சுற்றிய அட்டைக் குழாயை எடுத்து, சாமான்களை ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பாருங்கள். உள்ளே நுழைவதெல்லாம் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது, உயரமான அலமாரிக்குப் போக வேண்டும்.