பேரண்டத்துக்கு வரப்பு உண்டா? கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பேரண்டம் முடிவுள்ளதா, முடிவில்லாததா என்பது பற்றிக் கேளுங்கள் என்று சென்ற வாரம் சொன்னேன். அறுபதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. பதில்களுக்கு முன்னால் ஒரு வார்த்தை: நம் பார்வைக்கு எட்டும் பேரண்டம் வேறு, முழுப் பேரண்டம் வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் எந்தப் பதிலும் விளங்காது.

கே (களக்காடு, பதினோராம் வகுப்பு மாணவி): பேரண்டத்துக்கு முடிவே இல்லையென்றால் இரவு ஏன் இருட்டாக இருக்கிறது டீச்சர்? எங்கே பார்த்தாலும் ஒரு நட்சத்திரம் தெரிய வேண்டுமே?

ப: வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையதுதான் அம்மா. உன் ஊர்த் தலையணை தடுப்பணைக்கு மேலே காட்டுக்குள் நின்று சுற்றிப் பார். எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு மரத்தில் போய் முட்டும். பக்கத்து மரங்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தாலும் தூரத்து மரம் அதை அடைத்துவிடும். நட்சத்திரக் காடும் அப்படித்தான். அது முடிவில்லாமல் பரந்து, என்றென்றும் இப்படியே இருந்து வந்திருந்தால், வானம் முழுவதும் சூரியனின் முகம்போல் எரிய வேண்டும்.

கெப்ளர் 1610இலேயே இதை யோசித்தார். வானம் இருட்டாக இருப்பதால் பேரண்டம் முடிவுள்ளது என்று தீர்மானித்தார். 1823இல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய வானியலாளர், வழியில் இருக்கும் பொருள்கள் ஒளியை விழுங்குகின்றன என்று விளக்கம் தந்தார். அது நிற்காது. விழுங்கிய பொருளும் நாளடைவில் சூடேறி அதே ஒளியை உமிழத் தொடங்கிவிடும். உண்மையான காரணம் காலம். பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். அதைவிட நெடுங்காலம் பயணம் செய்த ஒளி என்று எதுவும் கிடையாது. தூரத்து மரங்களின் ஒளி இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை. ஆகவே இருண்ட வானம் சொல்வது தொடக்கம் உண்டு என்பதை. எல்லை உண்டு என்பதை அல்ல. கெப்ளர் அங்கேதான் பிசகினார்.

இன்னொன்றும் தெரிந்துகொள். வானம் உண்மையில் ஒளிரத்தான் செய்கிறது. பேரண்டத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது புறப்பட்ட ஒளி, வெளி விரிய விரியத் தானும் நீண்டு, இன்று நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. பென்சியாஸும் வில்சனும் அதைக் கண்டறிந்த செய்தி 1965இல் வெளியானது. அந்த ஒளியைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

கே (சங்கரன்கோவில்): வயது 1380 கோடி ஆண்டு என்றால் 1380 கோடி ஒளியாண்டுதானே தெரிய வேண்டும்? 4650 கோடி என்று படித்தேன்.

ப: ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுவதும் வழியும் நீண்டுகொண்டே இருந்தது. அன்று ஒளியை அனுப்பிய இடம் இன்று 4650 கோடி ஒளியாண்டுத் தொலைவுக்குப் போய்விட்டது. ஓர் ஒளியாண்டு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இது பார்வைக்கு எட்டும் பகுதியின் ஆரம் மட்டுமே. முழுப் பேரண்டத்தின் அளவு அல்ல.

கே (திசையன்விளை): பேரண்டத்தின் எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது?

ப: முடிவுள்ளது என்றாலே எல்லை இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். தேவையில்லை. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆனாலும் அதன்மேல் எத்தனை காலம் பயணம் செய்தாலும் விளிம்பு என்று ஓர் இடம் வராது. 1917இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த பேரண்டம் இந்த வகைதான்: அளவு உண்டு, விளிம்பு இல்லை.

கே (தென்காசி): பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது? அந்தப் புள்ளியிலிருந்து அளந்தால் விடை கிடைக்காதா?

ப: எல்லா இடத்திலும் நடந்தது. நீங்கள் நிற்கும் தென்காசியும் அந்த இடம்தான். பேரண்டம் இன்று முடிவில்லாதது என்றால் தொடக்கத்திலும் முடிவில்லாததாகத்தான் இருந்தது. அடர்த்தியாக இருந்தது, அவ்வளவே. ஒரு புள்ளியளவுக்குச் சுருங்கியிருந்தது என்று சொல்லப்படுவது பார்வைக்கு எட்டும் பகுதியைப் பற்றி. முதலில் நான் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான்.

கே (அம்பாசமுத்திரம், ஓய்வு பெற்ற நில அளவையர்): அம்மா, வானத்து முக்கோணத்தை அளந்து 180 பாகை என்று கண்டுவிட்டார்களாம், பேரண்டம் தட்டை என்கிறார்கள். தட்டையான நிலத்துக்கு வரப்பு இருக்கும், இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும். வரப்பில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முடிவில்லாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே?

ப: அண்ணாச்சி, உங்கள் தொழிலை வைத்தே பேசுவோம். நெல்லை, திருச்செந்தூர், கன்னியாகுமரி மூன்றையும் இணைத்தால் ஏறத்தாழ 1700 சதுர கிலோமீட்டர் முக்கோணம் கிடைக்கும். பூமி உருண்டை என்பதால் அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிடக் கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல்? எட்டு, ஒன்பது விகலை. ஒரு பாகைக்கு 3600 விகலை. உங்கள் வயல் அளக்கும் கருவிக்கு அது பிடிபடாது. ஆங்கிலேய நில அளவையர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவையில் அதைக் கணக்கில் சேர்த்தே தீர வேண்டியிருந்தது. சின்ன முக்கோணத்தில் பூமி தட்டை, பெரிய முக்கோணத்தில் உருண்டை.

வானத்திலும் இதே வேலைதான். களக்காட்டு மாணவிக்குச் சொன்ன அந்தப் பழைய ஒளியில் சற்றே சூடான திட்டுகள் இருக்கின்றன. ஒரு திட்டின் இரு முனைகளும் நாமும் சேர்ந்ததுதான் முக்கோணம். அவற்றின் உண்மையான அகலம் கணக்கில் தெரியும், தூரமும் தெரியும். வெளி தட்டை என்றால் அவை சுமார் ஒரு பாகை அகலமாகத் தெரிய வேண்டும். உருண்டைபோல் வளைந்திருந்தால் இன்னும் பெரிதாக, குதிரைச் சேணம்போல் வளைந்திருந்தால் சிறிதாக. தெரிவது ஒரு பாகை. பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளை விண்மீன் மண்டலங்களின் அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், வளைவின் பங்கு சுழி, அதாவது பூஜ்ஜியம். பிழை ஆயிரத்தில் இரண்டு. அருமையான அளவைதான். ஆனால் அது சொல்வது, இந்த முக்கோணத்தில் வளைவு பிடிபடவில்லை என்பதை மட்டுமே.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பத்தமடைப் பாய் ஒன்றை விரித்து அதில் முக்கோணம் வரையுங்கள். பிறகு இரு விளிம்புகளும் ஒட்டும்படி பாயைச் சுருட்டுங்கள். முக்கோணத்தின் கோணங்கள் மாறவில்லை. எறும்புக்குப் பாய் இன்னும் தட்டைதான். ஆனால் குறுக்கே நடந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். அந்தத் திசையில் வரப்பும் இல்லை, முடிவின்மையும் இல்லை.

கே (பத்தமடை, பாய் நெய்பவர்): அக்கா, அகலவாக்கில் சுருட்டலாம். பிறகு இரண்டு முனைகளையும் வளைத்துச் சேர்த்தால் கோரை மடிந்து கிழியும். நாற்பது ஆண்டு நெய்த கை சொல்கிறது.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி மறுபடியும்: அவர் சொல்வது சரி. அதோடு, பாயை ஓர் அறைக்குள் வைத்துத்தான் சுருட்டுகிறீர்கள். பேரண்டத்தை எந்த அறைக்குள் வைத்துச் சுருட்டுவீர்கள்?

ப: இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கிழியும் என்பது உண்மை. நம் அறையின் நீள, அகல, உயரத்துக்குள் அதை மடிக்காமல் சேர்க்க இடம் போதாது. ஆனால் வளைப்பது நம் வசதிக்கான படம் மட்டுமே. விதி இவ்வளவுதான்: இந்த விளிம்பில் உள்ள புள்ளியும் அந்த விளிம்பில் உள்ள புள்ளியும் ஒன்றே. சனிக்கிழமைக்கு அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்காகக் கிழமைகளை யாரும் எந்த அறைக்குள்ளும் சுருட்டி வைக்கவில்லை. மூன்று திசைகளிலும் இந்த விதி பொருந்தும் பேரண்டம் முழுக்கத் தட்டையாகவும் இருக்கும், அளவுள்ளதாகவும் இருக்கும். வளைவைக் கணக்கிடும் சமன்பாடுகள் மட்டும் பேரண்டம் முடிவுள்ளதா என்று தீர்மானித்துவிடாது என்பதை ரஷ்ய அறிஞர் ஃப்ரீட்மன் 1924இலேயே எழுதிவிட்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ‘தட்டை, ஆகவே முடிவில்லாதது’ என்று பாடம் நடத்துவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

கே (நாங்குநேரி): எல்லைக்கு அப்பால் என்ன?

ப: திசையன்விளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (தூத்துக்குடி): பேரண்டம் விரிகிறது என்றால் எதற்குள் விரிகிறது? அப்பால் இடம் வேண்டுமே?

ப: இதே கேள்வி பதினான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எதற்குள்ளும் விரியவில்லை. விண்மீன் மண்டலங்களுக்கு இடையே உள்ள தூரம் கூடுகிறது, அதற்குப் பெயர்தான் விரிவு. ஊதும் பலூனை உவமையாகக் கொண்டால் ரப்பரை மட்டும் பாருங்கள். பலூனுக்கு உள்ளிருக்கும் காற்றையும் வெளியிருக்கும் அறையையும் உவமைக்குள் இழுக்காதீர்கள்.

கே (வள்ளியூர்): முடிவில்லாத பேரண்டத்தில் கிரகபலன் எப்படிக் கணிப்பது?

ப: என் துறை இல்லை.

கே (மேலப்பாளையம்): மகனுக்குத் தொலைநோக்கி வாங்கலாமா?

ப: வாங்கும் முன் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். வாங்கினால், உரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

கே (ஏரல்): அப்பால் ஒன்றுமே இல்லை என்றால் அந்த ஒன்றுமில்லாதது எவ்வளவு தூரம்?

ப: இந்த வகைக் கேள்விகளுக்கு இனிப் பதில் சொல்ல மாட்டேன். மன்னிக்கவும்.

அம்பாசமுத்திரம்: கடைசியாக ஒன்று அம்மா. பிழையில்லாத அளவைச் சங்கிலி கிடையாது. எந்தக் கருவியும் சுழி என்று காட்டாது, பிழைக்குள் சுழி என்றுதான் காட்டும். அப்படியானால் பேரண்டம் வளைந்தது என்று ஒருநாள் நிரூபிக்கலாம். தட்டை என்று எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாதே?

ப: முடியாது அண்ணாச்சி. நான் சுற்றி வளைத்துச் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். முடிவுள்ளது என்பதற்குச் சாட்சி கிடைக்க வாய்ப்பு உண்டு. முடிவில்லாதது என்பதற்கு நேர்ச் சாட்சி கிடைக்க வழியே இல்லை.

அந்த முதல் சாட்சியைத் தேடியும் பார்த்துவிட்டார்கள். பேரண்டம் பாய்போல் சுற்றி வருவதாகவும், அதன் சுற்று நம் பார்வைக்கு எட்டும் தூரத்தைவிடச் சிறியதாகவும் இருந்தால், பழைய ஒளியின் ஒரே பகுதி இரண்டு திசைகளில் தெரியும். வானத்தில் இரு வேறு இடங்களில், சூடும் குளிரும் அச்சாக ஒத்துப்போகும் வட்டச் சோடிகள் இருக்க வேண்டும். 2003இல் லுமினே குழுவினர் பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட சிறிய பேரண்டம் ஒன்றை முன்மொழிந்தபோது இந்தத் தேடல் சூடு பிடித்தது. டபிள்யூமேப், பிளாங்க் என்ற இரண்டு விண்கலங்களின் வரைபடங்களிலும் தேடினார்கள். சோடி கிடைக்கவில்லை. ஆகவே பேரண்டம் சுற்றி வருமானால், அந்தச் சுற்று நம் பார்வைக்கு எட்டும் அளவுக்கு வெளியே இருக்கிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. என் கையெழுத்து இதற்குக் கீழே விழும், அதற்கு மேல் ஒரு வரிக்கும் விழாது.