விரல் சூப்பினால் பேச்சு திருந்தாதா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. நான் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைக் காம்பராவிலும் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), இரவில் உறங்கும்போதும் பெருவிரலைச் சூப்புகிறாள். ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்கிறாள், ‘ர’ வரவில்லை. சூப்புவதுதான் காரணம் என்று மாமியார் விரலில் வேப்பெண்ணெய் தடவுகிறார். இது சரியா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: வேப்பெண்ணெயை முதலில் நிறுத்துங்கள். சூப்பும் இயல்பு கருவிலேயே தொடங்குவது. நீங்கள் மலையில் நிற்கும் நேரத்தில் பிள்ளை தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழியும் அதுவே. பெரும்பாலானோர் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

பேச்சுடனான தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை. சிலி நாட்டின் புந்தா அரீனாஸ் நகரில் 3 முதல் 5 வயது வரையான 128 பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், விரல் சூப்பியவர்களிடமும், சூப்பியை (வாயில் வைக்கும் இரப்பர்க் காம்பு) மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களிடமும் பேச்சுக் குறைபாட்டுக்கான வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. எனினும் அது சிறிய ஆய்வு. சூப்பியதே காரணம் என்று அது நிறுவவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் அத்தகைய தொடர்பு தென்படவுமில்லை.

பல்வரிசைக்கு உள்ள ஆபத்து தெளிவானது. கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கிடையே வாய் திறந்தாற்போல் இடைவெளி தெரிந்தால் நாக்கு அதனூடே நீண்டு ‘ச’ போன்ற ஒலிகள் சிதையலாம். நிரந்தரப் பற்கள் முளைக்குமுன் பழக்கம் நின்றால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றரை வயதில் ‘ர’ வராதது இயல்பே. ‘க’ ‘த’வாவதை விரல் சூப்பாத பிள்ளைகளிடமும் காணலாம், ஆனால் நான்கு வயதை நெருங்கியும் அது நீடித்தாலோ, வெளியாருக்கு அவள் பேச்சில் பாதிகூட விளங்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். விரலைவிட நான் முதலில் ஐயுறுவது காதைத்தான். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைக்கு ஒலிகள் மங்கலாகவே கேட்கும். மங்கலாகக் கேட்டதை அது மங்கலாகவே சொல்லும்.

விரலை வாயில் வைத்தபடி அவள் பேசினால், ஊகித்துப் பதில் சொல்லாமல், “விரலை எடுத்துட்டுச் சொல்லும்மா, கேக்குறேன்” என்று காத்திருங்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி, வைத்தியசாலையில் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் வழிகேளுங்கள். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாமலும் போகலாம் என்பதால், பிள்ளை தவறாகச் சொல்லும் சொற்களையும் அவற்றின் சரியான வடிவத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, மொழிபெயர்க்கக்கூடிய ஒருவருடன் செல்லுங்கள்.