வசேடா ரக்பி: ஜெயித்தால் மட்டும் பாடக்கூடிய பாட்டு

கேள்வி: ஜப்பானில் வசேடா பல்கலைக்கழக ரக்பி குழுவுக்கு ஏன் இவ்வளவு மவுசு? ஒரு காலேஜ் டீம் அப்படி என்ன சாதித்துவிட்டது?

கோப்பைக் கணக்கை அப்புறம் சொல்கிறேன், முதலில் பாட்டு. வசேடா ரக்பி குழுவுக்கு வழக்கமான குழுப் பாட்டு போக இரண்டாவதாக ஒன்று உண்டு. அகில ஜப்பான் பல்கலைக்கழக சாம்பியன் பட்டத்தை வென்றால் மட்டும்தான் அதைப் பாடலாம். லீக்கில் முதலிடம் வந்தாலும் கிடையாது, பரம வைரியான மெய்ஜி பல்கலைக்கழகத்தைப் புரட்டி எடுத்தாலும் கிடையாது. அதுவும் போக, நான்காம் வருடத்தில் இருக்கும்போது பட்டம் வென்ற செட்டுக்குத்தான் அந்தப் பாட்டு ஆயுசுக்கும் சொந்தம். நண்பன் கல்யாணத்தில் வட்டமாக நின்று பாடலாம். இரண்டாம் வருடத்தில் கோப்பையைத் தூக்கிவிட்டு நான்காம் வருடத்தில் தோற்றவனுக்கு அந்த உரிமை இல்லை.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது என் மேலாளரால். நான் டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் ரக்பி என்றால் முட்டை மாதிரி ஒரு பந்து, முட்டி மோதுவார்கள், அவ்வளவுதான். அவர் வசேடாவில் படித்தவர், விளையாடியவர் இல்லை, வெறும் பைத்தியம். நவம்பர் 23-ஆம் தேதி அரசு விடுமுறை, சும்மாதானே இருக்கிறாய், வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தேதிக்கே ஒரு கதை இருக்கிறது. ஜப்பானுக்கு ரக்பியைக் கொண்டுவந்தது கெயோ பல்கலைக்கழகம், 1899-இல். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த எட்வர்ட் கிளார்க், தனகா கின்னோசுகே என்ற இரண்டு பேர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வசேடா குழு தொடங்கியது 1918-இல்தான், அதாவது கெயோவுக்கு இது தம்பி. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பேஸ்பாலில் ரசிகர் கூட்டம் எல்லை மீறிப்போய் 1906-இலிருந்து 1925 வரை ஆட்டமே இல்லாமல் கிடந்தது. அந்தப் பகைக்கு நடுவிலும் ரக்பிக்காரர்கள் 1922-இல் ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். என்றைக்கு வைப்பது? வசேடா குழு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மாணவர் பழைய வானிலைக் குறிப்புகளை விசாரித்து, மழை வர வாய்ப்பு மிகக் குறைவான நாள் நவம்பர் 23 என்று கண்டுபிடித்தார். முதல் ஆட்டத்தில் கெயோ 14-0 என்று ஜெயித்தது. ஆனால் தேதி நிலைத்துவிட்டது, இன்றைக்கும் அதே தேதிதான். நான் முதன்முதலாகப் போன வருடம் மழை கொட்டியது என்பது வேறு விஷயம். நூறு வருடப் புள்ளிவிவரத்தை நம்பிக் குடை எடுக்காமல் போன ஒரே ஆள் நான்தான்.

கெயோவை முதன்முதலில் அடிக்க வசேடாவுக்கு 1927 வரை ஆயிற்று. அந்த வருடம் ஆஸ்திரேலியாவுக்குப் பயணம் போய், பந்தை அகலமாகப் பரப்பி ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். எதிரியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து உலுக்குவது என்பது அவர்கள் பாணியாகவே ஆகிவிட்டது. மெய்ஜி இதற்கு நேர் எதிர். அவர்களுடைய பயிற்சியாளர் கிதஜிமா சூஜி 1929-இலிருந்து 1996 வரை 67 வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் (தப்பாகப் படிக்கவில்லை, 67 வருடம்), அவருடைய தாரக மந்திரம் ஒரே வார்த்தை: முன்னே. கனமான ஆட்களை வைத்து நேராக இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே மெய்ஜி நெடுக்கு, வசேடா குறுக்கு என்றுதான் இங்கே சொல்வார்கள். சின்ன உடம்புக்காரர்கள் மூளையை வைத்து ஜெயிக்கும் டீம் என்பதில்தான் வசேடா ரசிகர்களுக்குப் பெருமையே. என் அபிப்பிராயம், இதில் பாதி இவர்களே ஊதிப் பெருக்கியது. இன்றைய வசேடா ஆட்டக்காரன் பக்கத்தில் நின்றால் எனக்கு வெயில் படாது.

ஆனால் அந்தச் சிந்தனைக்கு உருவம் கொடுத்த ஓனிஷி தெட்சுனோசுகே லேசுப்பட்ட ஆள் இல்லை. போருக்குப் போய், கைதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். 1961-இல் வசேடா அடிமட்டத்துக்குச் சரிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது அடுத்த வருடம் அவரைத்தான் மறுபடி கூப்பிட்டார்கள், தூக்கி நிறுத்தினார். பிறகு தேசிய அணிக்குப் பயிற்சியாளராகி 1968-இல் நியூசிலாந்து மண்ணிலேயே அந்நாட்டின் இளம் அணியான ஜூனியர் ஆல் பிளாக்ஸை 23-19 என்று தோற்கடித்தார். 1971-இல் டோக்கியோவில் இங்கிலாந்திடம் 3-6 என்று தோற்ற ஆட்டத்தை இங்கே இன்னும் வெற்றி மாதிரிதான் பேசுகிறார்கள்.

கூட்டம் எவ்வளவு வரும் என்று கேட்டால், 1982-இல் வசேடா-மெய்ஜி ஆட்டத்துக்குப் பழைய தேசிய அரங்கில் வந்தவர்கள் 66,999 பேர். நான் சொல்வது இரண்டு கல்லூரிகள் மோதும் லீக் ஆட்டத்தைப் பற்றி.

மேலாளர் வாயைத் திறந்தால் வருவது மட்டும் 1987 டிசம்பர் 6. அன்று டோக்கியோவில் பனி. காலையில் ஆட்களை வைத்து மைதானத்துப் பனியைத் தள்ளி ஓரமாகக் குவித்த பிறகுதான் கோடுகளே கண்ணுக்குத் தெரிந்தன. அவர் அப்போது மாணவர், மேல் தட்டில் உட்கார்ந்திருந்தாராம், கையில் சூடு பிடித்துக்கொள்ளும் கைரோ பொட்டலம் ஒன்றே ஒன்று, அதை மூன்று நண்பர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்களாம். ஸ்க்ரமில் இரண்டு பக்கமும் குனிந்து கோத்துக்கொண்டு தள்ளும்போது அந்தக் கும்பலிலிருந்து ஆவி எழும்பியது, இட்லிச் சட்டி திறந்த மாதிரி (இது என் உவமை, அவருக்கு இட்லி தெரியாது). கடைசி நேரத்தில் வசேடா 10-7 என்று முன்னிலை. மெய்ஜி வசேடாவின் கோட்டு வாசலிலேயே நிற்கிறது. பெனால்டி கிடைக்கிறது, உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் சமன். உதைக்கவில்லை. 'முன்னே' என்று வளர்ந்தவர்கள் அல்லவா, ட்ரை போட்டு (பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்து) ஜெயிக்கத்தான் பார்த்தார்கள். முட்டினார்கள், மறுபடி முட்டினார்கள், வசேடா கோட்டிலிருந்து நகரவில்லை. ஆட்டம் முடிந்தது. மெய்ஜி அன்றைக்கு உதைத்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் குடிக்கும் இடங்களில் சண்டை நடக்கிறது. மேலாளர் வசேடாக்காரராக இருந்தும் சொல்வார்: உதைத்திருந்தால் நான் மெய்ஜியை மதித்திருக்க மாட்டேன்.

அந்த சீசனில் வசேடா பல்கலைக்கழகப் பட்டத்தோடு நிற்கவில்லை. அப்போதெல்லாம் பல்கலைக்கழக சாம்பியனும் கம்பெனி அணிகளின் சாம்பியனும் மோதி ஜப்பான் சாம்பியனை முடிவு செய்வார்கள். 1988 ஜனவரியில் தோஷிபா ஃபுச்சூ அணியை, அதாவது வேலைக்குப் போகும் முழு வளர்ச்சி பெற்ற ஆண்களை, மாணவர்கள் 22-16 என்று தோற்கடித்தார்கள். வசேடாவுக்கு அது நான்காவது ஜப்பான் பட்டம். அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் அதை வென்றதில்லை. இப்போது அந்தப் போட்டியில் பல்கலைக்கழகங்களுக்கு இடமும் இல்லை.

சரி, கணக்கு. 1964 சீசனில் தொடங்கிய பல்கலைக்கழக சாம்பியன் போட்டியில் 2024 சீசன் வரை வசேடா வென்றது 16 முறை, அதுதான் அதிகம். ஆனால் நடுவில் இருக்கும் பள்ளங்களைப் பாருங்கள். 1989 சீசனுக்குப் பிறகு அடுத்த பட்டம் 2002-இல். 1989-இல் கேப்டனாக இருந்து வென்ற கியோமியா கத்சுயுகியே 2001-இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்து அந்தப் பூட்டைத் திறந்தார். 2006-இல் அவருடைய மாணவர்கள் டொயோட்டா அணியையே 28-24 என்று கவிழ்த்தார்கள். (அவர் மகன் கோதாரோ ஜப்பானின் பெரிய பேஸ்பால் நட்சத்திரம். அப்பா ரக்பி, பிள்ளை பேஸ்பால், அந்த வீட்டில் என்ன பேசிக்கொள்வார்களோ.) 2015 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை ஜப்பான் 34-32 என்று வென்ற ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்த கொரோமாரு அயுமுவும் அந்தக் காலத்து வசேடா ஆள்தான்.

2008-க்குப் பிறகு மறுபடியும் பதினொரு வருடம் பூட்டு. அந்தக் காலத்தில் பெரும்பகுதி தெய்க்யோ பல்கலைக்கழகத்தின் ராஜ்யம், தொடர்ந்து ஒன்பது பட்டம். அங்கே சீனியர்களே துடைப்பம் எடுத்துக் கூட்டுவார்கள், முதல் வருடப் பையன்களுக்கு வேலை குறைவு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2019 டிசம்பரில் வசேடா மெய்ஜியிடம் 7-36 என்று மானம் போகிற மாதிரி தோற்றது. ஆறே வாரத்தில், 2020 ஜனவரி 11, புதிய தேசிய அரங்கில் அதே மெய்ஜியுடன் இறுதி ஆட்டம். நானும் இருந்தேன். பாதி ஆட்டத்தில் 31-0, வசேடா பக்கம். நம்ப முடியாமல் பலகையை போட்டோ எடுத்தேன். பின்பாதியில் மெய்ஜி துரத்தித் துரத்தி வந்து 45-35-இல் முடிந்தது. அரக்குச் சிவப்பும் கறுப்பும் பட்டை போட்ட சட்டைக்காரர்கள் மைதானத்திலேயே கூடி நின்று அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தபோது என் பக்கத்தில் மேலாளர் பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, நான் ஆட்டக்காரன் இல்லையே என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி இறுதி ஆட்டத்தில் தெய்க்யோவிடம் 15-33.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்திலேயே அந்தப் பதினொரு வருடத்துக்குள் வசேடாவில் விளையாடிவிட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார், கழுத்தும் தலையும் ஒரே அகலம். வருடக் கடைசி விருந்து முடிந்து கரோக்கே போயிருந்தபோது நான் விவரம் புரியாமல் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டேன். அறையே கப்சிப். அவர் சிரித்தார், எனக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ பழைய காதல் பாட்டைப் போட்டுப் பாடினார். சுருதி ஒரு இடத்திலும் சேரவில்லை.